பழவண்டி அம்மையார் கேட்ட கணக்கு

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவுக்கும் இரவச்சத்துக்கும் ஒவ்வோர் அதிகாரம் வகுத்தார். வாங்கிய பொருளுக்குக் கணக்குச் சொல்வதற்கெனத் தனி அதிகாரம் இல்லை. அப்பாடத்தை எனக்கு நடத்தியவர், உக்கடத்தில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கும் ஓர் அம்மையார்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்து, காவிரிக் கழிமுக மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மறுவாரமே மாணவர் பதினைவருடன் உண்டியல் ஏந்திக் கடைத்தெருவில் இறங்கினேன். அம்மையார் உண்டியலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், ஆவணியில கேரளா வெள்ளத்துக்குன்னு வாங்கீட்டுப் போனீங்களே, அது அங்க போயிச் சேந்துதுங்களா?"

சேர்ந்திருந்தது. ஆயினும் அதை அவரிடம் சொல்ல எங்களில் எவரும் திரும்பிச் செல்லவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தந்தவர்க்கே ரசீது என்று விதி செய்தவன் நானே. பெருந்தொகை தந்தவருடன் நிழற்படம் எடுத்துக்கொண்டோம்; நன்றி மடலும் விடுத்தோம். அவர் தந்ததோ இருபது ரூபாய்.

அன்றிரவு பழைய கணக்கேட்டைப் புரட்டினேன். பிழை அது ஒன்று மட்டுமன்று. பெரியவர் ஒருவர் 'இது ஜகாத்' என்று சொல்லித் தந்த உறையையும் பொதுப் பையிலேயே கொட்டியிருந்தோம். ஜகாத் பெறத்தக்கோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுக்கிறது. அதை வசூலிக்கும் பணியாளரும் அவ்வெண்வகையுள் அடங்குவர். பதாகை அடங்காது. நாங்கள் அப்பையிலிருந்துதான் பதாகைக்கும் பணம் எடுத்திருந்தோம். பெரியவரிடம் சென்று உண்மையைச் சொல்லி, அத்தொகையை என் கையிலிருந்து ஈடு செய்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, அதுவே பெருந்தண்டனையாக இருந்தது.

தேவை அறியாது திரட்டுவதும் இவ்வினத்துப் பிழையே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் தீண்டுவாரின்றிக் குவிந்து கிடந்தன. அதே வேளையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தன் ஆழிப்பேரலைப் பணிக்குப் போதிய நிதி சேர்ந்துவிட்டதென்று சில நாள்களிலேயே அறிவித்து, அதற்கான நன்கொடை பெறுவதை நிறுத்திக்கொண்டது. 'போதும்' என்று சொன்ன வசூல்காரரை நான் நேரில் கண்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மறுநாள் கேரளக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சென்று, வண்டியருகே நின்று மாணவன் ஒருவனைப் படிக்கச் சொன்னேன். அரிசி இவ்வளவு, போர்வை இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு. "லாரிக்கே இவ்வளவுங்களா?" என்று ஒருமுறை மட்டும் குறுக்கிட்டார். முழுவதும் கேட்டபின் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். இம்முறை ரசீதில் அவர் பெயரைக் கேட்டு நானே எழுதினேன்.