விதியில் எங்கே இருக்கிறது?

சத்திரப்பட்டியில் மாமாவுக்கு நாலு விசைத்தறி. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணிதான் ஓடும். விடுமுறைக்கு சோழபுரத்திலிருந்து போனால், பூதக்கண்ணாடி வைத்துப் பாவு இழையும் ஊடை இழையும் எண்ணுவது என் வேலை. சலவையாகி வந்த ஒரு துண்டைப் பார்த்து, "இது மட்டமா இருக்கு மாமா" என்றேன்.

"இழை குறையுதா?"

"இல்ல."

"எடை? தண்ணில முங்குதா?"

"எல்லாம் சரிதான்."

"அப்போ எதை வச்சுடா மட்டம்ங்கறே?"

பல வருஷம் கழித்து, சென்னையில், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் சி மொழிக் கம்பைலர்களைச் சோதிக்கிற வேலையிலும் அதே தப்பைத்தான் செய்தேன்.

கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய புத்தகம்தான் அந்த மொழிக்கு ரொம்ப நாள் சட்டம். கம்பைலர் செய்தவர்கள் ஆளுக்கொரு பொருள் கொள்ளவே, 1983-இல் அமெரிக்காவில் குழு போட்டார்கள். 1989-இல் தரநிலை வந்தது, மறுவருஷம் ஐஎஸ்ஓவும் ஏற்றது. எங்கள் வேலை, அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டி நிரல் எழுதி கம்பைலரை மடக்குவது. வேண்டுமென்றே தப்பாகவும் எழுதுவோம். இலக்கணம் மீறிய நிரலைக் கண்டால் அது ஒரு வார்த்தையாவது முனக வேண்டும். முனகிவிட்டு மேலே போனால்கூட விதிப்படி குற்றமில்லை!

ஒருநாள், 'கேர்' வகை மாறியில் 200-ஐப் போட்டு எடுத்தேன். எங்கள் கணினியில் வழக்கமாக வருவது -56. புதிய கம்பைலர் 200 என்றது. பிழை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்த அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "விதியில எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். தேடினால், 'கேர்' குறியுள்ளதா, அதாவது மைனஸ் எண்ணையும் கொள்ளுமா இல்லையா என்பது கம்பைலர் செய்பவர் விருப்பம். ஆனால் எதைத் தேர்ந்தார் என்று கையேட்டில் சொல்லியாக வேண்டும். கையேட்டைப் புரட்டினோம், அதில் அந்த வரி இல்லை. குறை இருந்தது, நான் காட்டிய இடத்தில் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று ஆறு மாசம் பேசாமல் இருந்தவன் நான். மேலேதான் வர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அப்படி ஓர் ஆசை இருப்பதை நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கையேடு எழுதாத ஆள் நான்தான். ஆறு மாசம் கழித்துத்தான் இது உறைத்தது.

போன மாசம் பேரன் தன் நிரலைக் கொண்டுவந்து, "ஓடுது தாத்தா, அப்புறம் என்ன?" என்றான். அவன் வைத்திருந்த ஜிசிசி கம்பைலர், சும்மா விட்டால் தன் சொந்தச் சலுகைகளோடு ஓடும். தரநிலை எது என்று குறித்து, விதியைக் கறாராகப் பார்க்கச் சொல்லும் 'பெடான்டிக்' என்ற கட்டளையையும் சேர்த்து ஓட்டச் சொன்னேன். மூன்று எச்சரிக்கைகள் வந்தன.

"இத்தனை நாள் இதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேய்யா."