முள்ளும் கல்லும் வில்லும் பல்லும்

பொழுதைப் பகுத்தறிந்து வாழ்ந்தவர் தமிழர். ஆண்டினைப் பெரும்பொழுதாகவும் நாளினைச் சிறுபொழுதாகவும் வகுத்து, அவற்றை நிலத்தோடும் ஒழுக்கத்தோடும் பொருத்தி இலக்கணம் கண்ட மரபு நம்முடையது. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். நீரைக் கொண்டு நாழிகையை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை நப்பூதனாரின் முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அப்பகுதியை வகுப்பறையில் நடத்தும்போது மாணவர் ஒருவர், "ஐயா, அந்த நீர்க்கடிகையைச் செய்தவர் யார்?" என்று வினவினார். பாட்டு அதனைச் சொல்லவில்லை. பொழுதைச் சொன்னவர் பாட்டில் இடம்பெற்றார். பொழுது சொல்லும் கருவியைச் செய்தவர் இடம்பெறவில்லை.

இதற்கு விலக்காக நின்றவர் சிலரும் உளர். திமஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பொறுப்பில் இருந்த வானியல் அறிஞர் இப்னு ஷாத்திர், 1371ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மினாராவுக்கென நிழற்கடிகை ஒன்றைச் செய்து வைத்தார். அவருக்கு முன்பே, 1206ஆம் ஆண்டில், அல் ஜஸரீ என்னும் பொறியாளர் தாம் செய்த நீர்க்கடிகாரங்களையும் பிற பொறிகளையும், பின்வரும் கைவினைஞர் ஒருவர் படித்துச் செய்துகொள்ளும் வகையில் அளவுகளோடும் படங்களோடும் நூலாக எழுதி வைத்தார். கை அறிந்ததை ஏட்டில் ஏற்றியவர் அவர். அத்தகையோர் எண்ணிக்கையில் மிகச் சிலரே.

இவ்வெண்ணங்களை எமக்குள் எழுப்பியது ஒரு பழைய கைக்கடிகாரமும், அதனைத் தூக்கிக்கொண்டு யாம் மேற்கொண்ட ஒரு பயணமுமாகும்.

எம் தந்தையார் இளமையில் கொல்லத்து ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதினார். செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904ஆம் ஆண்டு முதல் மீட்டர் பாதையில் ஓடிய புகைவண்டியே அவருக்குப் போக்குவரத்து. வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அதன் பொருட்டே 1974ஆம் ஆண்டில், சிறுகச் சேர்த்த பணத்தில் ஃபேவர் லூபா கைக்கடிகாரம் ஒன்றைப் பிறரிடமிருந்து வாங்கினார். பதினேழு கல் பதித்தது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியது. அந்தப் பாதை அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு, 2018இல் மீண்டும் முழுதும் திறக்கப்பட்டது. கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தந்தையார் வஃபாத்தான பின்னர், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அதற்குச் சாவி கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்பது எம் தாயாரின் வழக்கமாயிற்று. ஒரு நாள் காலை, மூப்பினால் நடுங்கும் அவர் விரலிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்தது, ஓட்டம் நின்றது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் மறுநாள் காலையிலும் அதனை எடுத்துச் சாவி கொடுக்க முயன்று, முழுதும் ஏறியிருப்பதை உணர்ந்து கீழே வைத்ததை யாம் கண்டோம்.

நகரத்துக் கடைகள் இரண்டில் காட்டினோம். ஒருவர் உள்ளிருக்கும் பொறியை எடுத்துவிட்டுப் பேட்டரிப் பொறியை வைத்துத் தருவதாகச் சொன்னார். மற்றவர் இதனை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். நண்பர் ஒருவர்தாம் எம்மைப் பண்பொழிக்கு ஆற்றுப்படுத்தினார்.

செங்கோட்டைக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பண்பொழி. பைம்பொழில் என்னும் பெயரே மருவிப் பண்பொழி ஆயிற்று என்பர். வயலும் தோப்பும் சூழ, திருமலைக் குன்றின்மேல் முருகன் கோயில் விளங்க, பெயருக்கு ஏற்பப் பசுமை மாறாத ஊர். யாம் சென்றது ஆடி மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்த மேல்காற்று சாரலைச் சுமந்து வந்து, குடையை விரிப்பதற்கு முன்னரே முகத்தை நனைத்தது. குற்றாலத்துக்கு வருவோர்க்கு இன்பம் தரும் இச்சாரல் கடிகாரங்களுக்குப் பகையாம். எஃகு உறுப்புகளில் துரு ஏறுவது இப்பருவத்தில்தான் மிகுதி என்று பின்னர் அறிந்தோம்.

கடைத்தெருவின் ஓரத்தில் மரப்பலகையால் அமைந்த சிறு அறை. ஒருவர் அமர்ந்தால் மற்றவர் நின்றுதான் பேச வேண்டும். கண்ணாடி பதித்த மேசை. தாழ்ந்து தொங்கும் ஒரு விளக்கு. இடுக்கிகளும் ஊசி போன்ற திருப்புளிகளும் அளவு வரிசையில். பிரித்து வைத்த பொறிகளின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்ட தேநீர்க் கண்ணாடிக் குவளைகள். எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர், ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கியவாறு தலையை நிமிர்த்தாமலேயே, "கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க சார், காத்து வருது" என்றார். பதினான்காம் வயதில் மதுரையில் ஒருவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர் அவர். முதல் ஓராண்டு முழுதும் பொறியைத் தொட விடாமல், திருப்புளியைத் தீட்டவும் திருகாணிகளைப் பொறுக்கவும் மட்டுமே ஆசிரியர் விட்டாராம்.

"அண்ணாச்சி, இது மறுபடி ஓடுமா?" என்று கேட்டோம். விடை உடனே வரவில்லை. பின்மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்து, சக்கரம் ஒன்றை இடுக்கியால் மெல்லத் தொட்டுப் பார்த்த பின்னரே பேசினார்.

"அச்சு முனை ஒடிஞ்சிருக்கு சார். இதுக்குச் சாமான் இப்ப வராது. கடைஞ்சுதான் போடணும். ஆனா ஒண்ணு, எனக்குக் குடுக்கிற கூலிக்குப் புது வாட்ச் ரெண்டு வாங்கலாம். அது இதைவிடச் சரியாவும் மணி காட்டும். யோசிச்சுச் சொல்லுங்க."

தம்மிடம் வந்த வேலையைத் தாமே தட்டிக் கழிப்பது போன்ற அவ்வாய்மை எம்மை வியக்க வைத்தது. அவர் கூறியது முற்றிலும் உண்மை. சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உயிர், மயிரிழை போன்ற சுருள்வில்லால் இப்புறமும் அப்புறமும் ஆடும் ஒரு சமனிலைச் சக்கரம். இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை அடிக்கும். நொடிக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000. படிகக் கடிகாரத்தில் உள்ள சிறு குவார்ட்சுத் துண்டோ நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. சாவிக் கடிகாரம் நாளுக்குப் பத்து நொடி பிழைத்தாலே நன்று என்பர். படிகக் கடிகாரம் ஒரு மாதத்துக்கே அந்த அளவுதான் பிழைக்கும். சரி நேரம் ஒன்றே நோக்கமெனில் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகின்றது. ஆயினும் நாளுக்குப் பத்து நொடி என்பது 8,640இல் ஒரு பங்கு. வெறும் உலோகத்தைக் கையால் கடைந்து, அந்த நுட்பத்துக்குக் கொண்டு வருவது எவ்வளவு பெரிய செயல்!

"செய்யுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லி, சாரல் ஓய்ந்த புரட்டாசியில் மீண்டும் சென்றோம்.

அன்று அவர் அச்சினைக் கடைந்துகொண்டிருந்தார். எஃகுக் கம்பியைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். அதனை மீண்டும் மெல்லச் சூடேற்றி நீலநிறம் வந்த கணத்தில் எடுத்தால், கடினமும் உறுதியும் ஒருங்கே அமையும். அந்த நீலக் கம்பியைச் சிறு கடைசல் கருவியில் பொருத்தி, கூரிய உளியால் சீவினார். இறுதியில் நிற்க வேண்டிய முனையின் பருமன் ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தடித்த தலைமயிர் ஒன்றின் அளவு. சீவும்போது அவர் மூச்சை அடக்கியதை யாம் கவனித்தோம். எம்மை அறியாமல் யாமும் அடக்கினோம். உளி நிற்கும்போதெல்லாம் தெருவின் ஓசை மீண்டும் காதில் விழுந்தது.

மேசையில் ஒரு தாளின்மேல், முடிக்கப்பட்ட அச்சு ஒன்று முன்னரே கிடந்தது. "அது எதற்கு?" என்றோம்.

"அது போன வாரம் கடைஞ்சது சார். முனை கொஞ்சம் மெலிஞ்சு போச்சு. போட்டா ஓடும். ஆனா படுக்க வச்சா ஒரு மணி காட்டும், நிமித்தி வச்சா ஒரு மணி காட்டும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவ்வொரு வார நாள்களுக்கு அவர் கூலி கேட்கவில்லை. பின்னர் யாம் கூட்டிக் கொடுத்தபோதும், பேசிய தொகைக்கு மேற்பட்டதை மேசையின் மீதே தள்ளி வைத்தார்.

அவருடைய பேச்சில் எம் மொழியாசிரியர் மனம் மற்றொன்றையும் குறித்துக்கொண்டது. மணிக்கும் நிமிடத்துக்கும் உரியது முள். அச்சுகள் சுழலும் மாணிக்கத் துளை கல். ஓட்டத்துக்கு ஆற்றல் தருவது வில். சக்கரத்துக்கு உள்ளது பல். ஐரோப்பாவில் பிறந்த ஒரு பொறியைத் தமிழ்க் கைவினைஞர் தம் பட்டறைக்குள் ஏற்றபோது, எவர் குழு அமைத்தும் கலைச்சொல் ஆக்கவில்லை. வீட்டிலும் வயலிலும் வழங்கிய ஈரெழுத்துச் சொற்களே அங்குப் போய் அமர்ந்தன. எந்த அகராதியின் துணையுமின்றி, தொழில் தன் மொழியைத் தானே கண்டுகொண்டது.

இத்தகைய கைகள் உலகெங்கும் அருகி வருகின்றன. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் சைக்கோ நிறுவனம் முதல் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. நம் நாட்டில், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் தொடங்கி, திருமணப் பரிசாகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் இல்லந்தோறும் நுழைந்த எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மைய அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது. ஓசூரில் டைட்டன் ஆலை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வு தந்ததையும் இங்கே மறுப்பதற்கில்லை. ஆலை வேண்டும், பலருக்கும் எட்டும் விலையில் பொருளைத் தருவது ஆலையே. ஆனால் ஆலை கைவிட்ட பொருளைப் பேணுவதற்குத் தனிக் கைவினைஞர் ஒருவரே வேண்டியிருக்கின்றார்.

அத்தகையோருள் தலையாயவராக உலகம் போற்றுபவர் இங்கிலாந்து நாட்டு ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011). வறுமையில் பிறந்து, கடிகாரம் பழுதுபார்க்கத் தொடங்கி, பின்னர் தம் பட்டறையில், உறையும் முகப்பும் உட்பட ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் தாமே செய்து, வாழ்நாளில் நாற்பதுக்கும் குறைவான கடிகாரங்களையே ஆக்கினார். அவர் கண்டுபிடித்த ஒரு புதிய இயக்க அமைப்பினை ஒமேகா நிறுவனம் 1999இல் ஏற்றுக்கொண்டது. அவர் கைக்கடிகாரங்கள் இன்று பெருஞ்செல்வர் ஏலத்தில் எடுக்கும் பொருள்கள். பண்பொழியில் அச்சுக் கடைபவருக்கும் அவருக்கும் புகழிலும் பொருளிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. ஆனால் தவறிய அச்சைத் தள்ளி வைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் அந்த ஒரு குணத்தில் இருவரும் ஒரே பந்தியில் அமர்வர்.

கடிகாரத்தை மூடுவதற்கு முன் முதியவர் பின்மூடியின் உட்புறத்தை எமக்குக் காட்டினார். உருப்பெருக்கியின் வழியே பார்த்தபோது, ஊசியால் கீறிய நுண்ணிய குறிகள் மூன்று தெரிந்தன. இதனை முன்பு பழுதுபார்த்தவர்கள் இட்ட அடையாளங்களாம் அவை. கொல்லத்திலோ புனலூரிலோ, எங்கோ இருந்த மூவர். தந்தையார்கூட அவர்கள் பெயரை அறிந்திருக்க மாட்டார். அவற்றின் கீழே முதியவர் ஆண்டையும் மாதத்தையும் தம் குறியையும் கீறினார். அடுத்துத் திறப்பவர் மட்டுமே காணப்போகும் கையெழுத்து அது. எமக்குச் செம்புலப்பெயல்நீராரும் அணிலாடு முன்றிலாரும் நினைவுக்கு வந்தனர். பெயர் தெரியாத அப்புலவர்களை, அவர்தம் பாட்டின் தொடரையே பெயராக்கித் தொகுத்தோர் காத்தனர். கைவினைஞர்க்கு அத்தகைய தொகுப்பாளர் இன்னும் வாய்க்கவில்லை.

"உங்களுக்குப் பின் யார் அண்ணாச்சி?" என்றோம். இருவர் கற்க வந்தனராம். ஒருவர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். ஒருவர் தென்காசியில் கைப்பேசி பழுதுபார்க்கின்றார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க சார்" என்றார். குரலில் வருத்தமோ குறையோ இல்லை. வயிற்றுக்குச் சோறிடாத தொழிலைப் பற்றிக்கொள்ளுமாறு இளைஞரை ஏவ எமக்கும் உரிமையில்லை.

கடிகாரம் இப்போது ஓடுகின்றது. தாயாரிடம் கொடுத்தபோது, காதருகே வைத்துக் கேட்டு, "வாப்பாவோட சத்தந்தான்" என்றார். சாவியைத் திருகும் வேலையை மட்டும் இப்போது பேத்தியிடம் ஒப்படைத்திருக்கின்றார்.

மாணவச் செல்வங்களே! கைவினைஞராகுங்கள் என்று உங்களை யாம் வேண்டவில்லை. ஆனால் ஏட்டில் ஏற்றுவது தமிழ் கற்போர் செய்யக்கூடிய பணி. உங்கள் ஊரிலும் ஒரு கடிகாரப் பட்டறை இருக்கும். கொல்லுலையோ பாய்த்தறியோ தச்சுக்கூடமோ இருக்கும். விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு சென்று அமருங்கள். கருவிகளின் பெயரை, உறுப்புகளின் பெயரை, வேலையின் முறையை, அவர்கள் சொல்லும் சொல்லாலேயே எழுதுங்கள். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் இசைந்தால், தலைப்பில் அவர்கள் பெயரை எழுதுங்கள். நம் துறை நூலகத்தில் அக்குறிப்பேடுகளுக்கு ஓர் அலமாரித் தட்டு ஒதுக்க யாம் பொறுப்பேற்கின்றோம். முள்ளும் கல்லும் வில்லும் பல்லும் என்ற நான்கு சொற்களோடு முதல் குறிப்பேட்டை யாம் தொடங்கிவிட்டோம்.