பிரைபுர்க் நகரமும் ஒரு பந்தாட்ட ஆசானும்

கொல்கத்தாவில் நெடுங்காலம் குடியிருக்கும் தமிழனுக்குக் கால்பந்தாட்டத்தில் பித்து உண்டாவது வியப்பன்று. லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டையும் வாழையிலையும் வாங்கித் திரும்பும் நமக்குள்ளேயே மோகன் பகான் கட்சி, ஈஸ்ட் பெங்கால் கட்சி என்று இரண்டு உண்டு. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் பெயர்பெற்ற பாயர்ன் மியூனிக் குழுவினர் நம் சால்ட் லேக் அரங்கத்துக்கு வந்து மோகன் பகானோடு ஆடினார்கள். மூன்று கோல்களில் நாம் தோற்றோம். ஆயினும் வந்தவர்களை வாழ்த்தியே அனுப்பினோம். அன்று முதல் ஜெர்மன் பந்தாட்டச் செய்திகளைத் தேடிப் படிப்பது என் வழக்கமாயிற்று. ஆனால் என் அன்பு கடைசியில் சென்று தங்கியது பாயர்னிடம் அன்று. பிரைபுர்க் என்னும் சிறிய நகரத்துக் குழுவிடம். அதற்குக் காரணம் அக்குழுவின் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்டியான் ஷ்ட்ரைஹ்.

அந்த நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் மகனைக் காண, 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு என்று பெயர் கொண்ட மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பிரைபுர்க். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் கூப்பிடு தூரம். மக்கள் தொகை ஏறக்குறைய 2,30,000. 1457-இல் நிறுவிய பல்கலைக்கழகம் இன்றும் நடைபெற்று வருகிறது. நகரின் நடுவே செந்நிறக் கல்லால் எழுப்பிய மாதா கோயில். அதன் கோபுரம் 116 மீட்டர் உயரம். 1944 நவம்பர் 27-ஆம் நாள் இரவு விமானங்கள் குண்டு வீசியதில் பழைய நகரின் பெரும்பகுதி இடிந்துபோயிற்று. சுற்றிலும் எல்லாம் சாய, கோபுரம் மட்டும் சாயாமல் நின்றது.

இந்த ஊர்த் தெருக்களின் ஓரமாகச் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. திரைசாம் ஆற்றின் நீர் அவற்றில் சலசலத்துச் செல்கிறது. முற்காலத்தில் தீயணைக்கவும் கால்நடைகளின் தாகம் தீர்க்கவும் உதவியவை; இப்போது குழந்தைகள் மரப்படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்து விளையாடுகிறார்கள். தஞ்சைத் தரணியில் பிறந்த என் மனைவி அவற்றைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டாள். “அம்மா, வாய்க்காலில் தவறிக் கால் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரரையே மணக்க நேரும் என்று சொல்வார்கள்” என்று மகன் எச்சரித்தான். “அந்தப் பயமெல்லாம் எனக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டே அவள் நீரில் இறங்கினாள்.

புதிய அரங்கத்தில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அது 2021 அக்டோபர் முதல் நடைபெற்று வருகிறது. 34,700 பேர் கொள்ளும். இத்தனை இடமிருந்தும் எங்களுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. மகன் வருந்தினான். “போகட்டும், பழைய அரங்கத்தையாவது காட்டு” என்றேன். டிராம் வண்டியில் ஏறி நகரின் கிழக்குப் புறம் சென்றோம்.

ஆற்றங்கரையில் மரங்களின் நடுவே நிற்கிறது அந்தப் பழைய அரங்கம். பின்னால் கருங்காட்டு மலைகள். வாயில் பூட்டியிருந்தமையால் வேலியோரம் நின்றே பார்த்தோம். மைதானம் விதிகள் கேட்கும் நீளத்துக்குச் சில மீட்டர் குறைவு. ஒரு கோலுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிவு. முதல் வகுப்பு லீகில் ஆடுவதற்குத் தனி அனுமதி வேண்டியிருந்ததாம். கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள் இருக்கின்றன. இப்போது மகளிர் குழுவும் இரண்டாம் குழுவும் அங்கே ஆடுகின்றன. பெரிய குழுக்கள் வந்து திணறிப்போன மைதானம் இதுதானா என்று மலைத்து நின்றேன்.

பிரைபுர்க் குழு 1904-இல் தோன்றியது. இன்றும் அது உறுப்பினர்களுக்கே சொந்தமான ஒரு சங்கம்; ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுகிறது. அவ்வகையில் நம் தமிழ்ச் சங்கங்களுக்கு உறவென்றே சொல்லலாம். முதல் வகுப்பு லீகுக்கு அது முதன்முதலாக ஏறியது 1993-இல். ஏற்றியவர் ஃபோல்கர் ஃபிங்கே. முன்னாளில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1997, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மும்முறை குழு கீழ் வகுப்புக்கு இறங்கியது. மூன்று முறையும் ஃபிங்கே பதவியில் நீடித்தார்; இரண்டு முறை திரும்ப மேலே கொண்டுவந்தார். 1991 முதல் 2007 வரை 16 ஆண்டுகள் அவர் அங்கே பயிற்சியாளர். தோற்றால் ஒரு மாதத்தில் பயிற்சியாளரை மாற்றும் தொழிலில் இது அருமையினும் அருமை. கிடைத்த பணத்தை விலை உயர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கொட்டாமல், 2001-இல் சிறுவர்களுக்கென்று ஒரு பந்தாட்டப் பள்ளியையும் திறந்தார்கள்.

அந்தச் சிறுவர்களை உருவாக்கிய ஆசான்தான் ஷ்ட்ரைஹ். 1965-இல் பிறந்தவர், சுவிஸ் எல்லைக்கருகே சிற்றூர் ஒன்றில் இறைச்சிக்கடை நடத்தியவர்களின் பிள்ளை. தொழில் பயின்ற பின்பு கல்வியைத் தொடர்ந்து, ஆசிரியர் வேலைக்காக ஜெர்மன் இலக்கியமும் வரலாறும் படித்தார். 1995 முதல் இளைஞர் குழுக்களைப் பயிற்றினார். 2008-இல் அவருடைய 19 வயதுக்குட்பட்ட குழு தேசிய வாகை சூடியது. 2011 டிசம்பரில், பெரிய குழு பட்டியலின் அடியில், 17 ஆட்டங்களில் 13 புள்ளிகளோடு கிடந்த வேளையில், பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தப் பருவத்தை 12-ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த பருவத்தில் ஐந்தாம் இடம்.

அவர் சைக்கிளில் அரங்கத்துக்கு வருவார். உள்ளூர்ப் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளாமலே பத்திரிகையாளரோடு உரையாடுவார். ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம், நாடிழந்து வந்த அகதிகளை வெறுக்காதீர்கள் என்றும் எடுத்துரைப்பார். பிற மாநிலத்தில் வேரூன்றி வாழும் நமக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

2015 மே 23-ஆம் நாள் வந்தது. கடைசி ஆட்டத்தில் ஹானோவர் நகரில் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பிரைபுர்க் தோற்றது. ஒரே ஒரு புள்ளி குறைவால் குழு கீழே இறங்கியது. வேறிடமாயின் மறுநாளே புதிய பயிற்சியாளரின் படம் பத்திரிகையில் வந்திருக்கும். பிரைபுர்க்கில் ஷ்ட்ரைஹ் இருந்தார். மறு ஆண்டே இரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றுத் திரும்பினார்கள். 2022-இல் ஜெர்மன் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, பெனால்டி உதைகளில் லைப்சிக் குழுவிடம் தோற்றார்கள். ஷ்ட்ரைஹ் காலத்தில் பெரிய கோப்பை எதுவும் பிரைபுர்க்குக்கு வரவில்லை. 2024-இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நிறைவோடு அவர் தாமே விலகினார். அடுத்து வந்தவரும் வெளியார் அல்லர். முன்னாள் தலைவர் யூலியான் ஷூஸ்டர்.

மகன் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். சங்கத்தின் பழைய உறுப்பினர். “2015-இல் நீங்கள் ஏன் அவரை மாற்றவில்லை?” என்று மகன் வழியாகக் கேட்டேன். பெரியவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “அந்த ஆண்டும் அவர் முன்போலத்தான் உழைத்தார். பிறகு எதற்காக மாற்றுவது?” என்றார்.

இந்த மறுமொழி என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. 23 பிள்ளைகள் 9 ஆகக் குறைந்தார்கள். ஆண்டு விழாவில் இருவர் செய்யுளை மறந்து மேடையில் விழித்தார்கள். பெற்றோருக்கு மனத்தாங்கல். குழு கூடியது, ஆசிரியரை மாற்றுவது என்று தீர்மானம் வந்தது. கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் மாலை அவர் வருகைப் பதிவேட்டையும் சாக்குக்கட்டிப் பெட்டியையும் என் வீட்டில் ஒப்படைக்க வந்தார். காப்பியை மறுக்காமல் குடித்தார். குறையாக ஒரு சொல் இல்லை. படியிறங்கும்போது மட்டும், “அந்தச் சின்னப் பெண்ணுக்கு இப்போதுதான் ழகரம் வரத் தொடங்கியிருக்கிறது. விட்டுவிடச் சொல்லாதீர்கள்” என்றார். அவருக்குப் பின் இரண்டு ஆண்டுகளில் மூவர் வந்து போனார்கள். பிறகு வகுப்பே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ழகரம் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

பழைய அரங்கத்தின் வேலியோரம் நின்றபோது என் நினைவில் இருந்தது அந்தச் சாக்குக்கட்டிப் பெட்டிதான். சரிந்த மைதானத்திலும் நின்று ஆடக் கற்றவர்கள் பிரைபுர்க் மக்கள். எங்கள் மைதானம் சற்றே சரிந்தவுடன் நாங்கள் ஆசானை அனுப்பிவிட்டோம்.

வருகிற ஜூன் மாதம் எங்கள் பகுதியில் தமிழ் வகுப்பு மீண்டும் தொடங்குகிறது. புதிய ஆசிரியை ஒருவர் இசைந்திருக்கிறார். குழுவில் என் பெயரும் இருக்கிறது. பிள்ளைகளை அனுப்பப்போகும் அன்பர்களிடம் ஒன்றே கேட்பேன்: முதல் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் தடுமாறினால் தடுமாறட்டும், மறு ஆண்டும் அதே ஆசிரியையிடம் அவர்களை அனுப்புங்கள். அந்தப் பழைய சாக்குக்கட்டிப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. முதல் வகுப்பன்று அதை எடுத்துக்கொண்டு வருவேன்.