ஆறு புள்ளி

நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தின் புள்ளிக் கணக்கு சில நாட்களாக என்னைத் தொந்தரவு செய்கிறது. கால்பந்தில் வென்றால் மூன்று புள்ளி. அணியாகச் சேர்ந்து தெருக்குப்பையை வாரினால் ஆறு.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது உடனே உறுத்தும். நல்ல நோக்கத்துக்காக மோசமான கவிதைக்கு மார்க் போடுவதை எதிர்த்தே நாம் இத்தனை பக்கங்களைச் செலவழித்திருக்கிறோம். கோல் போடத் தெரியாத அணி துடைப்பத்தால் ஜெயிப்பதா?

ஆனால் மதாரேயில் குப்பையை வாரினால்தான் ஆட இடம் உண்டு. சாக்கடை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற சந்துகள். பையன்களின் பந்தும் குப்பையிலிருந்து வந்ததுதான்: பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி, மேலே கயிறு சுற்றியது.

தொடங்கிவைத்தவர் பாப் மன்றோ என்ற கனடாக்காரர். (வெள்ளைக்காரன் வந்துதான் ஆகவேண்டுமா என்ற முணுமுணுப்பு நியாயமானதே.) ஆனால் லீகை நடத்துவதும், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் பையன்கள், பின்னால் பெண்களும். நன்றாக உழைத்தவர்களின் பள்ளிக் கட்டணத்தைச் சங்கம் நேரே பள்ளியிலேயே கட்டிவிடுகிறது. பிரசங்கமில்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆட்டம் கெட்டுப்போகவில்லை. சங்கத்திலிருந்து 1994-இல் பிறந்த மதாரே யுனைடெட் 2008-இல் கென்ய லீகை வென்றது. அங்கே துடைப்பத்துக்குப் புள்ளி கிடையாது.

இருந்தும் அந்த விகிதம் உறுத்துகிறது. என்னிடம் விட்டால் ஆறை வெற்றிக்கும் மூன்றைத் துடைப்பத்துக்கும் தந்திருப்பேன். மதாரேப் பையன்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு.