விருந்திற்கு அடகு போன தோடு

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சிறுமியின் புதுநன்மை விருந்திற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். லயத்து வீட்டின் சிறிய அறையில் பாய் விரித்து, இலை போட்டு, ஆட்டுக்கறிப் பிரியாணியும் கோழி வறுவலும் படைத்தார்கள். நாமும் மகிழ்ந்து உண்டோம். இரண்டாம் முறை பரிமாறியபோது மறுக்கவுமில்லை. இரண்டு திங்கள் சென்ற பின்னரே உண்மை தெரிந்தது. அந்த ஒருவேளை விருந்திற்காக அவ்வீட்டுத் தாய் தம் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார். கொழுந்து பறித்து ஈட்டும் கூலியில் வட்டி கட்டுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதை அறிந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அன்றே ஒரு முடிவு செய்தோம். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, "அன்று உங்கள் அடுப்பில் வேகுவதே நமக்கும் போதும்" என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினோம். "சாமிக்கு அவரைக்கொட்டைக் குழம்பா வைக்கிறது?" என்று பலர் மனம் வருந்தினர். ஆயினும் நாம் உண்ட உணவுகளில் மிகச் சுவையானவை அதன் பின்னரே கிடைத்தன என்று சொன்னால் அது முகமன் அன்று.

கோத்தகிரிப் பக்கம் ஒரு மூதாட்டி இருக்கிறார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுள் அவர் குடும்பமும் ஒன்று. அவர்களைப் போன்றோருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நம் மலையில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் 1976இல் அது 'டான்டீ' கழகமாயிற்று. அவர் நமக்கு அளித்தது கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மாவில் சிறிது தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயின்றிக் கல்லில் சுடுவது ரொட்டி. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை அம்மியில் நசுக்கி, தேங்காயைக் கடைசியில் சேர்த்து ஓரிரு முறை மட்டும் ஓட்டி, எலுமிச்சை பிழிவது சம்பல். "தேங்காயை மைய அரைச்சா ருசி போயிரும் சாமி" என்றார். அரை மூடித் தேங்காய் ஐவருக்குப் போதுமானதாயிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களில் பஞ்சம் வாட்டியபோது கற்ற சிக்கனம் அது.

படுகர் இல்லங்களிலோ அவரையும் உருளைக்கிழங்கும் கூடிக் கொதிக்கும் குழம்பை உண்டோம். அதில் ஒரு பாடம் உண்டு. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கே நீர் 100 பாகையில் அன்று, ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகையால் பருப்பும் கொட்டையும் வேகத் தாமதமாகும், எரிபொருளும் வீணாகும். முந்திய இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால், உள்ளே அடைபட்ட நீராவியின் அழுத்தத்தால் கொதிநிலை உயரும். கொட்டை வெண்ணெய்போல் குழையும். சிக்கனம் கடையில் மட்டுமன்று, அடுப்பிலும் இருக்கிறது.

காய்கறிக்கும் நமக்குக் குறைவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் கழுவப்பட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்கிறது. ஒடிந்ததும் வளைந்ததும் மலிவாகக் கிடைக்கும். குழம்பில் போட்டபின் வளைவைக் காண்பவர் யார்? பீட்ரூட் கீரையையும் முள்ளங்கிக் கீரையையும் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால், மற்றொரு பொரியல் தேவையில்லை.

இறைச்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எட்டுப் பேருக்கு எலும்போடு கூடிய கால் கிலோ ஆட்டுக்கறி போதும். சின்ன வெங்காயத்தைச் சிறு தீயில் நிறம் மாறும்வரை பொறுமையாக வதக்குங்கள். மல்லியையும் மிளகையும் சோம்பையும் வறுத்து அரைத்துச் சேருங்கள். கறி முக்கால் பதம் வெந்தபின் ஒரு கிலோ உருளைக்கிழங்கைப் போடுங்கள். கறியின் கொழுப்பையும் சாற்றையும் கிழங்கு உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு கிழங்கை மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டியாகும். ரேஷன் அரிசிச் சோற்றின்மேல் அதை ஊற்றி உண்டு பாருங்கள். கறித் துண்டு ஆளுக்கு ஒன்றே கிடைத்தாலும், கறியின் சுவை ஒவ்வொரு கவளத்திலும் இருக்கும்.

சுவைக்கு விலை உண்டுதான். ஆனால் அதன் பெரும்பகுதியைப் பணத்தால் அன்று, நேரத்தாலும் கவனத்தாலும் செலுத்துகிறோம். கடன் வாங்கிச் சமைத்ததை உண்டவர் மறுநாளே மறந்துவிடுவர். வட்டி மட்டும் மறக்காது. அந்தக் கடனுக்கு விருந்தினராகிய நாமும் பொறுப்பாளிகளே. தட்டில் எத்தனை வகை என்று எண்ணும் கண்கள் நம்முடையவை அல்லவா?

சென்ற ஆண்டு அதே லயத்து வீட்டில் இளைய மகனுக்குப் புதுநன்மை. அன்று கால் கிலோ கறியும் கிழங்குமே குழம்பு. அந்தத் தாய் சற்றுத் தயங்கியே பரிமாறினார். சிறுவனோ மூன்றாம் முறையும் சோறு கேட்டான். அடகு போன தோடு இன்னும் மீளவில்லை. ஆயினும் அன்றைய விருந்தால் புதுக்கடன் ஏதும் ஏற்படவில்லை. அன்று நாமும் மறுசோறு கேட்டு வாங்கி, நிறைந்த மனத்தோடு உண்டோம்.