கதவுச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில்

ஜனவரி 9, ஸ்காபரோ

அப்பாவை மேல்மாடிச் சின்ன அறைக்குக் கொண்டுவந்தாயிற்று. கட்டிலில் இருந்தபடி கதவுச் சட்டத்தையே பார்க்கிறார். சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கறுத்த கோடு. "பிள்ளை, அதுக்குள்ளால ஆரோ பாக்கினம்."

ஜனவரி 10

விடியும்வரை அதே கதை.

ஜனவரி 16

நகத்தால் கிண்டியிருக்கிறார். உரிந்த பெயின்ற் துண்டு உதட்டில் ஒட்டியிருந்தது. பதறிப்போய் வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். கட்டியது 1992. உள்வீட்டுப் பெயின்றில் ஈயத்தைக் கனடா கட்டுப்படுத்தியது 1976இல். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

ஜனவரி 21

பெயின்ற் வேலை செய்யும் அண்ணை வந்தார். கோட்டைத் தடவிப் பார்த்து, "முந்தி இருந்த ஆக்கள் சுத்தச் சிலிக்கன் போட்டிருக்கினம். இதில பெயின்ற் பிடிக்காது தங்கச்சி" என்றார். இருவருமாக அவ்வளவையும் சுரண்டி எடுத்தோம். பிறகு பெயின்ற் ஏற்கும் அக்ரிலிக் கோக்கிங். குழாய் நுனியைச் சிறிதாய்ச் சாய்த்து வெட்டி, நிறுத்தாமல் இழுத்து, ஈரவிரலால் ஒருதரம் வழித்துவிட்டார். காயும்போது உள்வாங்கும், அகன்ற இடங்களுக்கு இன்னொருதரம் வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும். அவசரப்பட்டால் மேற்பூச்சு வெடிக்கும்.

ஏன் விலகுகிறது என்று கேட்டேன். ஹீற்றர் காற்றில் மரம் அகலவாட்டில் சுருங்குகிறதாம். கோடையில் திரும்பவும் ஊதுமாம். "வெடிப்பு அகலமா நிக்கிற குளிருக்கதான் அடைக்கவேணும். கோக்கிங் இழுபடும், பெயின்ற் இழுபடாது. கனக்கப் பூசாதேங்கோ."

சீலிங் மூலையில் இருந்த வெடிப்பை அவர் தொடவில்லை. கூரைச் சட்டத்தின் கீழ்மரம் குளிர் தடுக்கும் பஞ்சுக்குள் சூடாய் உலர்ந்து கிடக்க, மேல்மரங்கள் குளிரில் ஈரம் குடிக்கும். அதனால் சீலிங்கே மேலெழும்புகிறது. "அதை அடைச்சாலும் நிக்காது."

ஜனவரி 23

சட்டத்துக்கு அரைமினுக்கு வெள்ளை. கோக்கிங்கையும் அதே நிறத்தில் சேர்த்துவிட்டேன். அப்பா பின்னால் நின்று பார்த்தார். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறியோ? சுண்ணாம்பு நல்லா ஊறினதோ?" எவ்வளவு தெளிவான குரல்!

"ஓம் அப்பா."

பொங்கல் போய்விட்டது.

ஜனவரி 24

ஒரு நூல் பிசகவில்லை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பெப்ரவரி 2

நித்திரை இல்லை. சட்டத்தை மேலிருந்து கீழே தடவித் தடவித் தேடுகிறார். "அவையெல்லாம் எங்க போட்டினம்?" என்று கேட்டு அழுதார். ஆர் அப்பா என்றேன். அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்களை, ஒழுங்கை வரிசையிலேயே.

பெப்ரவரி 3

பனி. ஒன்றும் செய்யவில்லை.

பெப்ரவரி 11

சீலிங் மூலையைக் கண்டுபிடித்துவிட்டார். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அண்ணை எடுத்தார். சீலிங்கோடு மட்டும் ஆணியடித்து ஒரு மரப்பட்டி போட்டால், சீலிங் ஏறி இறங்கினாலும் வெடிப்பு தெரியாதாம். எப்ப வரட்டும் என்று கேட்டார்.

இன்னும் பதில் சொல்லவில்லை.