அபூர்வ நோயா? தேடாத நோயா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நான் மோட்டார் வைண்டிங் பற்றி எழுதுவேன் என்றுதான் செயலாளர் எதிர்பார்த்தார். நான் எழுத வந்திருப்பது ரத்தக்கொதிப்பைப் பற்றி. "இ.இ.இ. படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதுக்குடா?" என்று கேட்காதீர்கள். நம்மில் பலர் அவரவர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். பேங்க் நோட்டீஸ், கரண்ட் பில், லேப் ரிப்போர்ட், எது வந்தாலும் "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லு" என்று நம் கையில்தான் கொடுப்பார்கள். அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கப் போய் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உலகத்தில் 30 வயதிலிருந்து 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாக 2019-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலோருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பரம்பரை, வயசு, உப்பு, உடம்பு எடை எல்லாம் சேர்ந்து வருவது அது. ஆனால் ஒரு பகுதியினருக்குப் பழுது ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் பிரைமரி ஆல்டோஸ்டிரோனிசம். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நமக்குத் தெரிந்த சர்க்யூட்தான்.

நம் ஹாஸ்டல் மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் ஃப்ளோட் சுவிட்ச் சிக்னல் கொடுக்கும், கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் ஓடும். தொட்டி நிறைந்தால் சிக்னல் நின்று மோட்டாரும் நிற்கும். நம் உடம்பிலும் இப்படித்தான். ரத்த அழுத்தமோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் 'ரெனின்' என்ற சிக்னலை அனுப்பும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி 'ஆல்டோஸ்டிரோன்' என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அழுத்தம் ஏறியதும் ரெனின் குறையும், ஆல்டோஸ்டிரோனும் குறையும்.

கான்டாக்டரின் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஃப்ளோட் சுவிட்ச் 'போதும்' என்று சொன்ன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி வழியும். அதேதான் இந்த நோயும். ரெனின் அடங்கிக் கிடக்கும், ஆனால் ஆல்டோஸ்டிரோன் சுரந்துகொண்டே இருக்கும். மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் பழுது தெரியாது. ஃப்ளோட் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் டாக்டர்கள் ஒரே ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து விகிதம் போடுகிறார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜெரோம் கான். 34 வயதுப் பெண் ஒருவர் ஏழு வருடமாகக் கை கால் தளர்ச்சியோடு அவதிப்பட்டார், ரத்தக்கொதிப்பும் இருந்தது. பொட்டாசியம் மிகக் குறைவு. 1954 டிசம்பரில் ஆபரேஷன் செய்து அட்ரீனலில் இருந்த கட்டியை எடுத்ததும் அவர் குணமானார். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இது இருக்கலாம் என்று 1960-களில் கான் சொன்னார். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நூற்றுக்கு ஒன்றுகூட வராத அபூர்வ நோய் என்றே பாடப் புத்தகங்களில் வெகுகாலம் இருந்தது.

ஏன் அப்படி? நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். ஆயிரம் பீஸ் செய்து, கண்ணுக்கு விரிசல் தெரிகிற பீஸை மட்டும் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, 'ரிஜெக்‌ஷன் ரொம்பக் குறைவு' என்று எழுதினால் இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்வாரா? பொட்டாசியம் குறைந்தவர்களை மட்டும்தான் இந்த நோய்க்குச் சோதித்தார்கள். ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும்!

1981-ல் ஜப்பான் டாக்டர்கள் விகிதக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் ரத்தக்கொதிப்பு புதிதாகத் தெரியவந்த 1125 பேரைச் சோதித்தபோது 126 பேருக்கு, அதாவது 11.2 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இது 2006-ல் வெளியான முடிவு. 2017-ல் அதே நாட்டின் டூரின் நகரத்தில் குடும்ப டாக்டர்களிடம் வருகிற 1672 பேரைப் பார்த்ததில் 5.9 சதவீதம். யாரைச் சோதிக்கிறோம், எந்த அளவில் கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனாலும் எந்தக் கணக்கிலும் இது அபூர்வம் இல்லை. மூன்று மாத்திரை போட்டும் இறங்காதவர்களிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இனி என் வீட்டுக் கதை. அம்மா மில்லுக்குப் போகிறவர். ஆறு வருடமாகக் கொதிப்பு. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் 170-க்குக் கீழே வரவில்லை. "கருவாட்டை ஒளிச்சு வச்சுத் திங்கிறா, பெறகு எப்படிக் கொறையும்?" என்பார் அப்பத்தா. அப்பாவும் அதையே சொல்வார். அம்மாவோ உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "காலு கட்டையாப் போகுது தம்பி" என்பார்.

மாசாமாசம் வீட்டுக்கு வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்கா ஒரு நோட்டில் அளவை எழுதி வைப்பார். அந்த நோட்டை வாங்கி, பதினான்கு மாத அளவையும் நம் லேப் கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். மாத்திரை ஏறுகிறது, கோடு இறங்கவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கிராஃபைப் பார்த்தார். "கால் பிடிக்குதாம்மா?" என்றார். அதுவரை ஒருவரும் அம்மாவிடம் கேட்காத கேள்வி அது. முதலில் பொட்டாசியம் பார்த்தார்கள், 2.9. பிறகு விகிதம், பிறகு ஸ்கேன், மேலும் சில சோதனைகள். இரண்டு சுரப்பியுமே அதிகம் சுரக்கிறது என்று முடிவானது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை. புதுசு ஒன்றும் இல்லை, 1960 வாக்கிலிருந்தே இருக்கிற மருந்து.

இப்போது அம்மாவுக்கு 134/84. உப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாவிடம், "அத்தே, படிச்ச டாக்டரே சொல்லிட்டாரு, நான் கருவாட்டைத் திருடித் திங்கல" என்றார். மாத்திரையால் குறைந்த பாரம் பாதி, இந்த ஒரு பேச்சால் குறைந்த பாரம் பாதி.

நண்பர்களே, இதே அளவு பி.பி. உள்ள மற்றவர்களைவிட இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் கூடுதலாக வருகின்றன. அப்படியிருந்தும் தேடுவது குறைவு. அமெரிக்காவில் 2000 முதல் 2017 வரை, மருந்துக்கு அடங்காத கொதிப்புள்ள 2.69 லட்சம் முன்னாள் ராணுவத்தினரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இந்தச் சோதனை நடந்தது 1.6 சதவீதம் பேருக்குத்தான்! எண்டோக்ரைன் சொசைட்டி என்ற மருத்துவ அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்தக்கொதிப்பு உள்ள எல்லோரையுமே இதற்குச் சோதிக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அப்பா, அம்மா எத்தனை மாத்திரை போடுகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேலும் பி.பி. அடங்கவில்லையா? பொட்டாசியம் குறைவா? வீட்டில் யாருக்காவது நாற்பது வயதுக்குள் பக்கவாதம் வந்திருக்கிறதா? இருந்தால் அளவுகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போய், "சார், ஆல்டோஸ்டிரோன், ரெனின் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சில மாத்திரைகள் சோதனையின் கணக்கை மாற்றும். ஆனால் எதை நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். படிக்க அனுப்பியவர்களுக்காகக் கேட்கிறோம்.



மூன்றாம் ஆண்டு, இ.இ.இ.